நண்பனுக்குப் பின்னும் வாழ்ந்த நட்பு

சங்கச் சான்றோருள் மிகுதியான பாடல்களைப் பாடியவர் கபிலர். ஐங்குறுநூற்றின் குறிஞ்சி நூறும், பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தும், 261 அடிகளாலான குறிஞ்சிப்பாட்டும் அவர் தந்தவை. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டுக் குறிஞ்சிப்பாட்டு எழுந்தது என்பது பழங்குறிப்பு. வேற்றுமொழியானுக்குத் தமிழின் பெருமையை உணர்த்தப் புகுந்தவர் போரைப் பாடவில்லை. ஓர் இளம்பெண்ணின் காதலையும், அக்காதல் கற்பாக நிறைவுறச் செவிலியிடம் துணிந்து பேசும் தோழியின் நட்பையும் பாடினார்.

அத்தோழியின் இயல்பு கபிலருடைய வாழ்விலும் இருந்தது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தான். வள்ளலிடம் பரிசில் பெறுதல் புலவர்க்கு எளிது; அவன் குறையை அவனிடமே கூறுதல் அரிது. கண்ணகியின் கண்ணீரை எடுத்துரைத்து, அவளுக்கு அருளுமாறு பேகனை வேண்டினார் கபிலர்.

அவர் உயிரெனப் போற்றிய நண்பன் பறம்பின் வேள் பாரி. அவனது நாடு 300 ஊர்களை உடையது. அவையனைத்தும் இரவலர்க்கே உரியவாயின. மூவேந்தரும் பறம்பை முற்றியபோது, படையால் அம்மலையைக் கொள்ளல் அரிது என்று அவர்களுக்கே அஞ்சாது எடுத்துக் கூறியவர் கபிலர். பாரி வீழ்ந்தான். உடன் இறக்க விழைந்த கபிலரை அவன் உடன்படாது நிறுத்திச் சென்றான் என்பது, அவர் பின்னர்ப் பாடிய கையறுநிலையால் புலனாகின்றது. தன்னை விட்டுச் சென்ற நண்பனை அப்பாட்டில் அவர் நொந்துகொள்கின்றார். பெருநட்பின் உரிமை அது.

தாம் இருந்ததற்குப் பொருள் என்ன என்பதைக் கபிலர் சொல்லால் அன்றிச் செயலால் காட்டினார். பாரிமகளிரை அழைத்துக்கொண்டு பறம்பை நீங்கினார். விச்சிக்கோவிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார். தமக்கென எவரிடமும் தாழாத அப்பெரும்புலவர், நண்பனின் மக்களுக்காக வாயில்தோறும் நின்றார். இருவரும் மறுத்தனர். பின்னாளில் செல்வக்கடுங்கோ வாழியாதனைக் கண்டபோதும், பாரி மறைந்தான் என்பதற்காகத் தாம் இரந்து வரவில்லை என்னும் மானம் அவர் பாட்டில் ஒலிக்கின்றது.

அவர்தம் முடிவு குறித்து இருவகைச் செய்திகள் உள. மகளிரை அந்தணரிடம் ஒப்புவித்து வடக்கிருந்தார் என்கின்றது புறநானூற்றின் பழங்குறிப்பு. முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டோ, பாரிமகளை மலையனுக்கு அளித்தபின் பெண்ணையாற்றுக் கல்லில் தீப்புகுந்தார் என்கின்றது. முறை வேறுபடினும் ஒன்றில் இரண்டும் ஒன்றுகின்றன: கடன் முடித்த பின்னரே அவர் உயிர் துறந்தார்.

நட்பின் எல்லை உடன் இறத்தல் என்று நாம் எண்ணுகின்றோம். துயரில் இறந்துபடுதல் ஒருநாட் செயல். அத்துயரைச் சுமந்துகொண்டு, நண்பன் விட்டுச்சென்ற பொறுப்பை நாள்தோறும் ஆற்றுதல் வாழ்நாட் செயல். கபிலர் பின்னதை முதலில் செய்தார். நல்வாழ்வு என்பதற்கு அவர் வாழ்வு காட்டும் இலக்கணம் இதுவே.

பத்தாண்டுகளாகப் பாட்டினால் கூடியிருக்கும் நம் வட்டத்தார்க்கும் இவ்விலக்கணம் பொருந்துவது. ஒருவர் கவிதையை மற்றவர் பாராட்டுதல் நட்பின் தொடக்கம். அவர் இல்லாத நாளில் அவர்தம் மனையை நோக்கி நம் கால்கள் நடக்குமாயின், அதுவே கபிலர் காட்டிய நட்பு.