ஏழைகளை மறவாத மேயர்

பதவி வந்ததும் ஏழையை மறப்பவர் பலர். மறவாத ஒருவரைக் கேளுங்கள்.

டாக்டர் பிதான் சந்திர ராய் 1882 ஜூலை 1-ல் பாட்னாவில் பிறந்தார். கல்கத்தாவில் வைத்தியம் பயின்று, 1909-ல் லண்டன் சென்றார். அங்கே கல்லூரியார் பலமுறை மறுத்தும் சோராமல் கேட்டு இடம் பெற்றார். 1931-ல் கல்கத்தா மேயரானபோது இலவசக் கல்வியையும் இலவச வைத்தியத்தையும் விரிவாக்கினார். 1948-ல் மேற்கு வங்க முதன்மந்திரியான பின்னும், காலையில் ஏழை நோயாளிகளைக் காசு வாங்காமல் பார்த்துவந்தார். அவர் நம் வேதத்தாரல்லர். ஆயினும் அன்னை தெரேசாவின் ஊழியத்துக்குத் துணைநின்றார். தம் வீட்டையும் தாயார் பேரால் மருத்துவமனைக்கு ஈந்தார். 1962-ல், தம் பிறந்த நாளிலேயே மரித்தார்.

உங்கள் தெருவில் நோயாளி உண்டா? இந்த வாரமே போய்ப் பாருங்கள். வேலை அதிகமென்று சொல்லாதிருங்கள்.