தனியே வான்வழி சென்ற எமி ஜான்சன் அம்மையார்

1930ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரின் வடபால் அமைந்த சிலேத்தார் விமானத் தளத்தில் பச்சை வண்ணம் பூசிய சிறு விமானம் ஒன்று வந்து இறங்கியது. அதனின்றும் இறங்கியவர் இருபத்தாறு வயது நிரம்பிய ஓர் ஆங்கில நங்கை. அவருடன் துணைக்கு வந்தோர் எவருமிலர். இங்கிலாந்தில் புறப்பட்டுப் பதினான்காம் நாள் அது. ஆஸ்திரேலியாவை அடைய அவர் இன்னும் கடல் பல கடக்க வேண்டியிருந்தது.

அவரே எமி ஜான்சன் அம்மையார். இவ்வாண்டு மலரில் அவர்தம் வரலாற்றைச் சொல்ல விழைகின்றோம். முந்திய நாள் தங்கிய சிங்கோராவிலிருந்து (இன்று சொங்க்லா) சிங்கப்பூர் வந்த அவர், நமது தீபகற்பத்தின் நெடும்பகுதியை வான்வழியே கடந்தவர். ரப்பர் விலை வீழ்ந்து, வேலையிழந்த நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கூட்டங்கூட்டமாய்க் கப்பலேறித் தமிழகம் திரும்பத் தொடங்கிய ஆண்டும் அதுவே என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

எமி 1903ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இங்கிலாந்தின் ஹல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் மீன் வணிகர். ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்ற எமி, பின்னர் இலண்டன் சென்று வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சுப் பணியில் அமர்ந்தார்.

இலண்டன் நகரின் ஓரத்தில் ஸ்டேக் லேன் என்னுமிடத்தில் இயங்கிய விமானச் சங்கத்தில் 1928ஆம் ஆண்டு அவர் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறர் எட்டு அல்லது பத்து மணி நேரப் பயிற்சியில் தனியே பறந்துவிடுவர். எமிக்கோ ஏறக்குறைய பதினாறு மணி நேரம் தேவைப்பட்டது. வகுப்பில் பாடம் பிடிபடச் சற்றுக் காலம் பிடிக்கும் பிள்ளைகள் இச்செய்தியை இருமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். 1929ஆம் ஆண்டு ஜூலையில் அவருக்கு விமானியின் உரிமம் கிடைத்தது.

ஆனால் நம்மைப் பெரிதும் கவர்ந்தது அவ்வுரிமம் அன்று. அலுவலகம் செல்லுமுன் காலையிலும், வேலை முடிந்து மாலையிலும் அவர் விமானக் கொட்டகைக்குச் சென்றார். ஜாக் ஹம்பிரீஸ் என்னும் தலைமைப் பொறியாளரிடம் இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்துப் பூட்டும் தொழிலைக் கற்றார். கையிலும் முகத்திலும் எண்ணெய்க் கறை படிய, ஆடவர் நடுவே ஒரு பெண் அவ்வேலை செய்தது அந்நாளில் வியப்புக்குரியதாய் இருந்தது. அதே ஆண்டு இறுதியில் விமானப் பொறியாளர் சான்றிதழையும் பெற்றார். பிரிட்டனில் அச்சான்றிதழைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

பின்னர் ஆஸ்திரேலியா செல்லும் எண்ணத்தை வெளியிட்டார். உதவி நாடி எழுதிய மடல்கள் பல பயனற்றுப் போயின. முடிவில் எண்ணெய் வணிகரான வேக்பீல்டு பிரபுவும் எமியின் தந்தையாரும் பணம் தந்தனர். 600 பவுனுக்கு ஏற்கெனவே ஓட்டப்பெற்ற ஜிப்சி மாத் விமானம் ஒன்று வாங்கப்பட்டது. தந்தையாரின் மீன் வணிகச் சின்னமாகிய ஜேசன் என்பதே அதற்குப் பெயராயிற்று. அவர் செல்வர்தாம், எல்லாத் தந்தையரும் விமானம் வாங்கித்தர இயலாது என்பதை யாமும் அறிவோம். எனினும், பெண்பிள்ளைக்கு ஆறாம் ஆண்டுக்குமேல் படிப்பெதற்கு என்று கேட்டு மகளின் புத்தகப் பையை மூலையில் வைத்த தந்தையரை நம் தோட்டங்கள் நிரம்பக் கண்டுள்ளன. எமியின் தந்தையார் மகளைப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்தார். அவர் வானில் ஏற விரும்பியபோதும் வழிமறிக்கவில்லை.

1930 மே 5ஆம் நாள் காலை, எமி குரோய்டன் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டார். வழியனுப்ப வந்தோர் மிகச் சிலரே. அதுவரை அவர் தனியே பறந்த நெடும்பயணம் இலண்டனுக்கும் ஹல்லுக்கும் இடைப்பட்டதே. இப்போதோ எதிரே கிடந்தவை ஏறத்தாழ 11,000 மைல்கள்! விமானமோ மரச்சட்டத்தில் துணி போர்த்தியது. விமானி அமரும் இடத்திற்குக் கூரை இல்லை. வெயிலும் மழையும் நேரே முகத்தில் அடிக்கும். வானொலிக் கருவியும் கிடையாது. நிலப்படம், திசைகாட்டி, தம் இரு கண்கள் ஆகியவற்றை நம்பியே அவர் சென்றார். கூடுதல் தொட்டிகளிலிருந்த பெட்ரோலைப் பறந்துகொண்டே கையால் இறைத்து ஏற்றவேண்டும். அதன் நெடி தலையைச் சுற்றவைக்கும்.

1928ஆம் ஆண்டில் பெர்ட் ஹிங்க்லர் என்னும் ஆஸ்திரேலியர் இவ்வழியைப் பதினைந்தரை நாள்களில் கடந்திருந்தார். அதனை முறியடிப்பதே எமியின் குறிக்கோள். வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், அலெப்போ எனப் பயணம் தொடர்ந்தது. துருக்கியின் தாரஸ் மலைகளை மேகம் மூடியிருந்தபோது பாறைச்சுவரில் மோதும் ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பினார். பாக்தாத் செல்லும் வழியில் மணற்புயல் வீழ்த்த, பாலைவனத்தில் இறங்கி, விமானத்தைக் காற்று கொண்டுபோகாதவாறு சக்கரங்களுக்குப் பின்னே பெட்டிகளை அடுக்கிவைத்துக் காத்திருந்தார். இத்தனையும் கடந்து ஆறாம் நாள் கராச்சியை அடைந்தபோது ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார். அதுவரை அவரைப் பொருட்படுத்தாத செய்தித்தாள்கள் அன்றுமுதல் தலைப்பிலேயே அவர் பெயரை இட்டன.

ஆனால் அடுத்து வந்த நாள்கள் அவருக்கு இடையூறாய் அமைந்தன. எரிபொருள் குறைந்து ஜான்சியில் படைவீரர் அணிவகுப்புத் திடலில் இறங்கியபோது இறக்கை பழுதுற்றது. அவ்வூர்த் தச்சர் செப்பனிட்டார். கல்கத்தா கடந்து இரங்கூன் வந்தபோது கொட்டும் மழை. இறங்கவேண்டிய குதிரைப் பந்தயத் திடல் கண்ணுக்குப் புலப்படவில்லை. அருகிலுள்ள இன்சீன் என்னும் ஊரின் விளையாட்டுத் திடலில் இறக்க, விமானம் ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. சுழல்விசிறி முறிந்தது, சக்கரச் சட்டமும் இறக்கையும் சிதைந்தன.

நல்வினைப்பயனாய் அவ்வூரில் ஒரு தொழிற்கல்விக்கூடம் இருந்தது. அதன் ஆசிரியர்களும் மாணவர்களும் எமியுடன் சேர்ந்து மரத்தை இழைத்தனர், இரும்பை வளைத்தனர். ஆனால் இறக்கைக்குப் போர்த்தத் தக்க துணிக்கு எங்கே போவது? முதல் உலகப் போருக்குப்பின் எஞ்சிய விமானத் துணியை வாங்கி அவ்வூரில் சிலர் சட்டை தைத்து வைத்திருந்தனர். அச்சட்டைகளைப் பிரித்து, ஒட்டுப்போட்டு, இறக்கை மீது தைத்தனர்! சுழல்விசிறிக்கு மாற்று ஒன்றை எமி தம் விமானத்திலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார். பள்ளி மாணவர் கைபட்ட அவ்விமானம் மீண்டும் எழுந்தது. எனினும் இரண்டு நாளுக்குமேல் வீணாயின. ஹிங்க்லரின் சாதனையும் எட்டாக்கனியாயிற்று.

வெல்ல முடியாது என்று தெரிந்தபின்னரும் அவர் பயணத்தைக் கைவிடவில்லை. பாங்காக், சிங்கோரா, சிங்கப்பூர். அதன்பின் சாவகத்தில் கரும்புத் தோட்டம் ஒன்றில் இறங்க நேர்ந்தபோது, நட்டிருந்த மூங்கிற் கழிகள் இறக்கையைக் கிழித்தன. காயத்திற்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கொண்டே அக்கிழிசல்களை அடைத்தார். திமோர்த் தீவில் இரவு எங்கே தங்கினார் என்று அறியாமல் உலகமே கலங்கியது.

மே 24ஆம் நாள், கரையே தென்படாத திமோர்க் கடலின்மீது 500 மைல் பறந்தார். நடுக்கடலில் எண்ணெய்க் கப்பலொன்று அவருக்கு வழிக்குறியாய் நின்றது. அன்று பிற்பகல் டார்வின் நகரில் அவர் இறங்கினார். புறப்பட்டு ஏறத்தாழ இருபது நாள்கள் ஆகியிருந்தன. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிற்குத் தனியே பறந்த முதற் பெண்மணி என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. சில நாள்களில் பிரிஸ்பேனில் இறங்குகையில் விமானம் குப்புறக் கவிழ்ந்தது. உடல் தளர்ந்திருந்த அவர் காயமின்றித் தப்பினார். தாயகம் திரும்பிய ஆகஸ்டு மாதத்தில், அவரை வரவேற்க இலண்டன் வீதிகளில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர்.

அதன்பின் 1931இல் தோக்கியோவுக்கும், 1932இல் தென்னாப்பிரிக்காவுக்கும் அவர் பறந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, தொழிற்சாலைகளிலிருந்தும் தளங்களிலிருந்தும் படை விமானங்களை ஓட்டிச்சென்று ஒப்படைக்கும் பணியில் 1940ஆம் ஆண்டு சேர்ந்தார். 1941 சனவரி 5ஆம் நாள், கடுங்குளிரும் மேகமும் சூழ்ந்த வேளையில் அவர் ஓட்டிய விமானம் வழிதவறித் தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் விழுந்தது. பாராசூட்டில் இறங்கிய அவரைக் காப்பாற்ற, ஹேசல்மியர் என்னும் கப்பலின் தலைவர் வால்டர் பிளெச்சர் உறைபனி நீரில் குதித்தார். அவரும் உயிரிழந்தார். எமியின் உடல் கிடைக்கவேயில்லை. அவருக்கு அப்போது வயது 37.

ஜேசன் விமானம் இன்றும் இலண்டன் அறிவியல் அரும்பொருளகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.