கணக்கெடுத்து நகர் வரைந்த செர்டா

பார்சலோனா என்றதும் நம் நண்பர்களில் பெரும்பாலோருக்குக் காற்பந்துதான் நினைவுக்கு வரும். கலையார்வம் கொண்டவர்கள் கட்டடக் கலைஞர் கௌடியின் பெயரைச் சொல்வார்கள். சிவில் பொறியியல் படிக்கும் எனக்கு அந்நகரில் இன்னொரு நாயகர் உண்டு. கௌடியின் புகழ்பெற்ற சக்ராடா ஃபமீலியா தேவாலயம் எந்தக் கட்டத்துக்குள் நிற்கிறதோ, அந்தக் கட்டத்தைத் தாளில் வரைந்தவர் அவர். பெயர் இல்டெஃபோன்ஸ் செர்டா. வானிலிருந்து எடுத்த படங்களில் பார்சலோனாவின் பெரும்பகுதி சதுரங்கப் பலகை போலத் தெரியும். வரிசை வரிசையாகச் சதுரங்கள். ஒவ்வொன்றின் நான்கு மூலைகளும் சீவிவிடப்பட்டிருக்கும். அந்தப் பலகைக்குள் ஒரு மனிதரின் வாழ்நாளும் ஒரு குடும்பத்தின் சொத்தும் கரைந்துபோன கதை இருக்கிறது.

செர்டா 1815-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் கத்தலோனியாவில் சென்டெல்லெஸ் என்னும் ஊரை அடுத்த பண்ணை வீடொன்றில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம். அப்பகுதி வழக்கப்படி சொத்து மூத்த மகனுக்கே போகும். இளையவரான இவரைப் பாதிரியாராக்க எண்ணி, விக் நகரில் இலத்தீனும் தத்துவமும் படிக்க வைத்தனர். அவர் மனமோ கணிதத்தில் இருந்தது. பார்சலோனாவுக்குச் சென்று கணிதமும் கட்டடக் கலையும் பயின்றார். பிறகு தலைநகர் மட்ரிட்டில் சாலைப் பொறியாளர் கல்லூரியில் சேர்ந்து 1841-இல் பட்டம் பெற்று, அரசுப் பொறியாளராக ஊர் ஊராகப் பணியாற்றினார்.

1840-களில் தென்பிரான்சுக்குப் போனபோது நீராவி இரயிலை நேரில் கண்டார். எந்திரத்தை விட அவரை வியக்க வைத்தது அதில் ஏறி இறங்கிய மக்கள் கூட்டம்தான். இவ்வளவு பேர் இவ்வளவு வேகமாக நகரத் தொடங்கிவிட்டால், நடைக்கும் குதிரைக்கும் ஏற்றபடி கட்டிய பழைய நகரங்கள் என்னவாகும்? இந்தக் கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை.

தந்தையும் அண்ணன்மாரும் ஒருவர்பின் ஒருவராக மறைய, 1848-இல் குடும்பச் சொத்து செர்டாவின் கைக்கு வந்தது. அதே ஆண்டு வங்கியாளர் ஒருவரின் மகளான கிளோடில்டேயை மணந்தார். மறு ஆண்டே அரசாங்க வேலையை விட்டார். அரசாங்க வேலையை விட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் விட்டது சுகமாக உட்கார்ந்து உண்பதற்காக அன்று, நகரங்களை ஆராய்வதற்காக.

அன்றைய பார்சலோனா நடுத்தர அளவுள்ள நகரம். 1850-களில் ஏறக்குறைய 187,000 பேர் இரண்டு சதுரக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய இடத்தில் கோட்டைச் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். ஹெக்டேருக்கு 850 பேருக்கு மேல். பாரிஸ் நகரத்தில்கூட அப்போது அதில் பாதி நெருக்கம்தான். சுவருக்கு வெளியே நிலம் இல்லாமல் இல்லை. பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை எவரும் வீடு கட்டக் கூடாது என்று படைத்துறை தடுத்து வைத்திருந்தது. ஆகவே வெளியே வெட்டவெளி. உள்ளே மாடிக்கு மேல் மாடி, கை நீட்டினால் எதிர்வீட்டைத் தொடக்கூடிய சந்துகள், நடுவில் ஆலைகள். 1854-இல் காலரா வந்தபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதே ஆண்டில்தான் மதில்களை இடிக்கவும் தொடங்கினார்கள்.

1855-இல் நகரைச் சுற்றியுள்ள சமவெளியை அளந்து வரைபடமாக்கும் பொறுப்பு செர்டாவிடம் வந்தது. மேடு பள்ளம் எல்லாவற்றையும் அளந்தார். அத்துடன் நில்லாமல் மனிதர்களையும் கணக்கெடுத்தார். 1856-ஆம் ஆண்டின் பார்சலோனாத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வில், ஒவ்வொரு தொழிலிலும் கூலி எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை, வாடகைக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு என்பன நிரல் நிரலாக உள்ளன. அவர் கண்டறிந்தவை கசப்பானவை. தெரு எவ்வளவு குறுகலோ அவ்வளவுக்கு மரணம் அதிகம். வசதி படைத்த ஆண்களின் சராசரி ஆயுள் 36 ஆண்டு, தொழிலாளர்களுக்கு 23. இன்னொன்று என்னைத் திடுக்கிட வைத்தது. தாம் வாழும் ஒரு சதுர மீட்டருக்குப் பணக்காரரை விட ஏழையே கூடுதலாக வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதைப் படித்தபோது நம் மக்களில் பலர் தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய மலிவுவிலை அடுக்குமாடி வீடுகள் என் நினைவுக்கு வந்தன. அடுக்குமாடி என்றாலே நெருக்கடி, பழுதான மின்தூக்கி, சண்டை என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். ஆகவே தரை வீட்டைத் தேடி ஊருக்கு வெளியே தாமானுக்குப் போகிறோம். அங்கே பேருந்து வருவதில்லை. பதினேழு வயதில் பிள்ளை மோட்டார் உரிமம் எடுக்கிறான். மாடியில் வாழ்வதே துன்பமா, மாடியைக் கட்டிய விதம் துன்பமா என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. செர்டா பிரித்துப் பார்த்தார். ஓர் ஆள் உறங்கும் அறையில் நலமாக மூச்சுவிட எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணிலிருந்து அறையை, அறையிலிருந்து வீட்டை, வீட்டிலிருந்து தெருவை வரைந்தார்.

அவ்வாறு பிறந்ததே எஷாம்ப்ளா. கத்தலான் மொழியில் விரிவு என்று பொருள். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக்குச் சுமார் 113 மீட்டர். அவர் எண்ணப்படி கட்டத்தின் இரண்டு பக்கங்களில் மட்டுமே வீடுகள் எழும். எஞ்சிய இடம் முழுவதும் தோட்டம். உயரம் 16 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கட்டங்களின் மூலைகள் நான்கு திசைகளையும் நோக்குமாறு திருப்பி வைத்ததால், நாளின் ஏதேனும் ஒரு பொழுதில் எல்லா வீட்டு முகப்புக்கும் வெயில் கிடைக்கும். ஒவ்வொரு 25 கட்டங்களுக்கும் ஒரு பள்ளி. அதைவிடப் பெரிய வட்டங்களுக்குச் சந்தையும் மருத்துவமனையும். ஏழைக்கு ஒரு பேட்டை, செல்வருக்கு ஒரு பேட்டை என்ற பிரிவினையே அந்த வரைபடத்தில் இல்லை.

தெருக்களின் அகலத்தைக் கேட்டால் இன்றைய பொறியாளரும் சற்று யோசிப்பார். குறைந்தது 20 மீட்டர். சந்துகளில் வாழ்ந்து பழகியவர்களுக்கு அது வீணாகத் தோன்றியிருக்கும். அதில் சரிபாதி, இருபுறமும் ஐந்து ஐந்து மீட்டர், நடப்பவர்களுக்கு. நடுவிலுள்ள பத்து மீட்டர் வண்டிகளுக்கு. தெருவில் ஒருநாள் நீராவி வண்டிகள் ஓடும் என்று எதிர்பார்த்து, அவை திரும்புவதற்கும் எதிரே வருவது தெரிவதற்கும் ஏற்றவாறு மூலைகளைச் சீவினார். நடப்பவர், குதிரையில் போகிறவர், சரக்கு வண்டி ஆகிய ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் தனித்தனித் தடம் வேண்டும் என்பது அவர் கொள்கை. மிதிவண்டி அவர் வரைபடத்தில் இல்லை. ஆனால் மிதிவண்டித் தடத்தின் நியாயம் அதில் இருக்கிறது என்பேன்.

1859 ஜூன் மாதம் மட்ரிட் அரசு இத்திட்டத்தை ஏற்றது. பார்சலோனா நகராட்சி கொதித்தது. அது தனியே ஒரு போட்டி நடத்தி, அந்தோனி ரொவிரா என்னும் கட்டடக் கலைஞரின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. பழைய நகரிலிருந்து விசிறி போல விரியும் அழகான திட்டம் அது. ஆனால் 1860-இல் மட்ரிட் தன் முடிவையே உறுதி செய்தது. கத்தலோனியாவின் மண்ணில் பிறந்தவரான செர்டாவை மட்ரிட்டின் கையாள் என்று சொந்த ஊரார் வெறுத்தார்கள். கட்டடக் கலைஞர்களுக்கோ, ஒரு சாலைப் பொறியாளர் தங்கள் துறைக்குள் நுழைந்துவிட்டாரே என்ற ஆத்திரம். அந்தப் பகை அவர் இறந்த பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

நில உரிமையாளர்கள் சத்தமில்லாமல் இன்னொன்றைச் செய்தார்கள். இரண்டு பக்கம் என்றிருந்த கட்டடங்கள் மூன்றாகி, நான்காகி, கட்டத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டன. தோட்டத்துக்கு ஒதுக்கிய நடுப்பகுதியில் பட்டறைகளும் கிடங்குகளும் முளைத்தன. மாடிகளின் மேல் மாடிகள் ஏறின. காலப்போக்கில் ஒரு கட்டத்தில் எழும்பிய கட்டடத்தின் அளவு அவர் எண்ணியதைப் போல நான்கு மடங்கைத் தாண்டியது. செர்டா கண்ட கனவு அப்படியே நனவாயிற்று என்று எழுதுகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. தெருக்கள் மட்டுமே தப்பின. தப்பிய தெருக்கள் எத்தகையவை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1867-இல் நகராக்கத்தின் பொதுக் கோட்பாடு என்ற பொருள்படும் பெயரில் இரண்டு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். நகராக்கம் என்பதைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் சொல் அவர் தம் துறைக்கென ஆக்கிக்கொண்டதே. தங்குதல், நகர்தல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே நகரம் என்பது அந்நூலின் சாரம். வீட்டை ஒருவரும் போக்குவரத்தை இன்னொருவரும் தனித்தனியே திட்டமிட்டால் இரண்டும் கெடும். நம் பல்கலைக்கழகங்களில் இவை இன்றும் வெவ்வேறு பாடங்கள்தான்.

இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்த கூலி என்ன? ஆய்வுக்கும் பயணத்துக்கும் குடும்பச் சொத்தையே செலவழித்தார். அரசும் நகராட்சியும் தர வேண்டிய பணத்தைத் தரவில்லை. மனைவியோடு இருந்த இல்லறமும் முறிந்தது. மகள்கள் நால்வர், கடைக்குட்டி கிளோடில்டே பின்னாளில் ஹார்ப் இசைக் கலைஞராகப் பல நாடுகளில் புகழ் பெற்றார். செர்டா அரசியலிலும் இருந்தார். 1873-இல் முதல் குடியரசு அமைந்தபோது பார்சலோனா மாநில மன்றத்தின் தலைமைப் பொறுப்பைச் சிறிது காலம் வகித்தார். 1872-இல் பழைய நகரிலிருந்து கிராசியா வரை முதல் குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. தம் தெருக்களில் தண்டவாளம் வந்ததையாவது அவர் உயிரோடு இருந்து பார்த்தார். 1876 ஆகஸ்ட் 21-இல், வடக்கு ஸ்பெயினில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள லாஸ் கால்டாஸ் டெ பெசாயா என்னும் ஊரில், வறியவராக இறந்தார். வயது 60.

இனி, தப்பிய தெருக்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்த 20 மீட்டரையும் மகிழுந்து பிடித்துக்கொண்டது. 1971-இல் பழைய டிராம் வலையமைப்பு ஏறக்குறைய முழுவதுமாக மூடப்பட்டது. அவர் பெயரால் நகரில் ஒரு சதுக்கம் உண்டு. நடப்பவர்களுக்குப் பாதி தெருவைக் கொடுத்தவரின் பெயர் ஒரு மாபெரும் வாகனச் சந்திப்புக்கு வைக்கப்பட்டிருக்கிறது!

ஆனால் அகலமாகவும் நேராகவும் போட்ட தெருவைப் பிற்காலத்தார் மீண்டும் பங்கு பிரிக்க முடிந்தது. 2004-இல் டிராம் திரும்பி வந்தது. 2007-இல் பொது மிதிவண்டித் திட்டம் தொடங்கியது. தெருவின் ஒரு வரிசை மிதிவண்டிக்கென ஒதுக்கப்பட்டது. 2012 முதல் 2018 வரை பேருந்துத் தடங்களைக் கட்டங்களின் மேலேயே கிடையாகவும் நெடுக்காகவும் 28 கோடுகளாக மாற்றி வரைந்தார்கள். நகரின் எந்த மூலைக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு மாற்றத்தில் போய்விடலாம். 2016-இல் பொப்லெனோவில் ஒன்பது கட்டங்களை ஒரே தொகுதியாக்கி, உள்தெருக்களில் ஊடுருவிச் செல்லும் வாகனங்களைத் தடுத்தார்கள். 2023-இல் கொன்செல் டெ சென்ட் தெரு மரங்களும் இருக்கைகளும் கொண்ட நடைபாதையாயிற்று. அதற்கும் வணிகர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது, வழக்கும் வந்தது. செர்டாவுக்கு இவை புதியனவல்ல.

எஷாம்ப்ளாவில் இன்று ஹெக்டேருக்கு ஏறத்தாழ 350 பேர் வாழ்கிறார்கள். அவர் விரும்பியதை விட அதிகம்; ஆனால் மதிலுக்குள் இருந்ததில் பாதியும் இல்லை. பேராசைக்காரர்கள் எழுப்பிய மாடிகள்தாம் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் பயணிகளைத் தருகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. கெட்டவர்கள் செய்ததிலிருந்தும் ஓரளவு நன்மை விளைந்திருக்கிறது. செர்டாவை நேசிப்பவனுக்கு இதை ஒப்புக்கொள்வது எளிதாக இல்லை. பறிபோனவை தோட்டங்கள். 1980-களில் தொடங்கி, கிடங்குகளை அகற்றிக் கட்டங்களின் நடுப்பகுதியை ஒவ்வொன்றாக மக்களுக்குத் திறந்துவிட்டு வருகிறார்கள். முதலில் திறந்தவற்றுள் ஒன்றில், செர்டாவின் காலத்திலேயே எஷாம்ப்ளாவுக்கு நீர் வழங்கக் கட்டிய செங்கல் கோபுரம் நிற்கிறது. தெருவிலிருந்து ஒரு குறுகிய வழியாக உள்ளே போக வேண்டும். கோபுரத்தின் அடியில் ஆழமில்லாத குளம் ஒன்று இருக்கிறது. கோடைக்காலத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அதில் இறங்கி விளையாடுகிறார்கள்.