அடிக்காமல் திருத்திய ஆசான்

பழையாறு பாய்ந்து வளம் கொழிக்கும் நாஞ்சில் நாடு, கலையுலகிற்கு அளித்த பெருங்கொடை கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அவர்கள். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், சுடலைமுத்துப் பிள்ளை, இசக்கியம்மாள் தம்பதியருக்கு மகனாய்ப் பிறந்தார்.

வறுமை அவரது படிப்பைத் தொடக்கப் பள்ளியோடு நிறுத்தியது. நாடகக் கொட்டகையில் சோடா விற்றார். படிப்பை இழந்து தெருவில் நிற்கும் சிறுவன் எந்த வழியிலும் போகக்கூடும். கிருஷ்ணனைக் கைப்பிடித்துக் கரை சேர்த்தது கலையே. முதலில் நம் மண்ணின் வில்லுப்பாட்டு, பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு. சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்திய அன்றைய குழுக்கள், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் தொழிலும் கட்டுப்பாடும் ஒருங்கே தந்தன.

குடியின் கேட்டைக் காட்டிய 'சதி லீலாவதி' (1936) படத்தில் நடித்தார். பின்னர் டி.ஏ.மதுரத்தை வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். இருவரும் திரையில் இணைந்து நகைச்சுவையால் அறிவு புகட்டினர். தவறு செய்தவனை அவர் திட்டவில்லை; தன் தவறைப் பார்த்துத் தானே சிரிக்க வைத்தார். சிரித்தவன் வீட்டிற்குப் போய்ச் சிந்தித்தான்.

விதி அவரையும் சோதித்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதாகி, தண்டனை பெற்றுச் சிறையில் வாடி, 1947இல் விடுதலையானார். குற்றவாளி என்னும் பழியைச் சுமந்த அந்த உள்ளத்தில் கசப்பு இல்லை.

1949இல் அவரது நிறுவனம், அறிஞர் அண்ணாவின் எழுத்தில் 'நல்லதம்பி' படத்தை வெளியிட்டது. அதில் வரும் 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தை யார் மறப்பார்? தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன், பள்ளியில் அடியும் அவமதிப்பும் பெற்றுப் பட்டணம் ஓடுகிறான். அங்கே கல்வி கற்று, கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான்!

அதைப் பார்த்தபோது, என்னோடு படித்துப் பாதியில் நின்றுபோன நண்பர்களின் முகங்கள் என் கண்முன் வந்தன. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அவர்களுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு அறிவில் இல்லை, வாய்ப்பில்தான் இருக்கிறது.

ஈட்டியதையெல்லாம் பிறர்க்கு ஈந்த அவ்வள்ளல், 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், 48 வயதில் மறைந்தார். சென்னையில் அவர் பெயரால் கலைவாணர் அரங்கம் விளங்குகிறது. நாகர்கோவிலில் அவர் சிலை நிற்கிறது.

சிலைக்கு மாலையிட்டால் மட்டும் போதுமா? நம் ஊர்தோறும் படிப்பை விட்ட தம்பிமார் இருக்கின்றனர். மாலையில் ஒருமணி நேரம் அவர்களுக்குப் பாடம் சொல்வோம்; வில்லுப்பாட்டுக் குழு அமைப்போம். பிரம்பு ஓட்டிவிட்ட கிந்தன்களை அன்பு அழைத்து வரட்டும்! அதுவே கலைவாணருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.