காலரா நச்சைக் கண்டறிந்த கொல்கத்தா மருத்துவர்

காலரா தாக்கியவரின் உடலிலிருந்து சில மணி நேரத்தில் நீர் வற்றிப்போவது ஏன் என்ற கேள்விக்கு விடை கண்டவர் டாக்டர் சம்புநாத் டே.

மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1915 பிப்ரவரி 1-ம் தேதி பிறந்த அவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்றார். லண்டனில் முனைவர் பட்டம் பெற்று 1949-ல் நாடு திரும்பினார். காலரா கிருமியை ராபர்ட் கோச் 1884-ல் இனங்கண்டது கல்கத்தாவில்தான். எனினும், அக் கிருமி உயிரைப் பறிக்கும் விதம் தெளிவாகாமலே இருந்தது.

முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் கட்டி, அதனுள் காலரா கிருமிகளைச் செலுத்தினார் டே. அப் பகுதியில் நீர் நிரம்பியது. இந்த ஆய்வுமுறை 1953-ல் வெளியானது. பின்னர், கிருமிகளை வடிகட்டி அகற்றிய திரவத்தை மட்டும் செலுத்தியபோதும் அதுவே நிகழ்ந்தது. கிருமி சுரக்கும் நச்சே குடலில் நீரைப் பெருகச் செய்கிறது என்பது புலனாயிற்று. 1959-ல் 'நேச்சர்' இதழ் இம் முடிவை வெளியிட்டது. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே உயிர் காக்கும் என்ற சிகிச்சை முறைக்கு இது தெளிவான விளக்கம் அளித்தது.

நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க், அப் பரிசுக்கு டேயின் பெயரைப் பரிந்துரைத்தார். 1978-ல் காலரா குறித்த நோபல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். தாய்நாட்டிலோ உரிய அங்கீகாரம் கிடைக்காமலேயே 1985 ஏப்ரல் 15-ம் தேதி காலமானார். பெங்களூரின் 'கரன்ட் சயின்ஸ்' இதழ் அவருக்குச் சிறப்பிதழ் வெளியிட்டது 1990-ல்தான்.