ஹோம்ஸ் என்னும் பெயர்

குடிப்பெயர் முன்னோர் வைத்துச் செல்வது. அதன் புகழோ பின்னோர் ஈட்டுவது. ஹோம்ஸ் என்றவுடன் நம் சிறார் கதையில் வரும் துப்பறிவாளரையே நினைப்பர். அப்பெயரைக் கவிதையிலும் மருத்துவத்திலும் ஒருங்கே விளங்கச் செய்த பெரியார் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தனர். அவரே ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்.

இவர் 1809-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் கிறிஸ்தவ குரு ஒருவர்க்கு மகனாகப் பிறந்தனர். 1829-இல் ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்றுச் சட்டங் கற்கலாயினர். மறு ஆண்டில், கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம் போர்க்கப்பலை உடைக்கப் போகின்றனர் என்ற செய்தி பரவிற்று. இருபத்தொரு வயதினராகிய இவர் உள்ளங் கொதித்து ஒரு பாட்டியற்றிப் பத்திரிகையில் வெளியிட்டனர். அது நாடெங்கும் மக்களைத் தட்டியெழுப்பிற்று, கப்பலும் பிழைத்தது. பாஸ்டன் துறையில் அதனை இன்றுங் காணலாம்.

சட்டத்தில் மனம் பற்றாமையால் மருத்துவத்திற் புகுந்து, பாரிசு நகரிலும் பயின்று, 1836-இல் மருத்துவப் பட்டம் பெற்றனர். அந்நாளில் மகவு ஈன்ற தாய்மார் பலரைப் பிரசவ ஜன்னி கொண்டுபோயிற்று. அந்நோய் மருத்துவர், மருத்துவச்சியர் வழியாகவே ஒரு தாயினின்று மற்றொரு தாய்க்குத் தொற்றுகின்றதென 1843-இல் ஒரு கட்டுரையாற் பல சான்று காட்டி நிறுவினர். அந்நோயால் இறந்தாரது உடலைச் சோதித்த மருத்துவர் நன்கு கழுவி, உடை முழுதும் மாற்றி, ஒரு நாளேனுங் கழித்தே பிள்ளைப்பேறு பார்க்கச் செல்லுதல் வேண்டுமென்றும் விதித்தனர்.

உயிர் காக்கும் கையே உயிர் போக்கும் என்றால் யார் பொறுப்பர்? பிலடெல்பியா நகரத்துப் பேராசிரியர்களாகிய ஹாட்ஜும் மீக்ஸும் கடுமையாக மறுத்தனர். ஹோம்ஸ் பின்வாங்கினாரல்லர், 1855-இல் அக்கட்டுரையை மீண்டும் அச்சிட்டனர். தம் கல்விப் பெருமைக்கன்று, தாய்மாரது உயிர்க்கே அவர் வழக்காடினர். இதற்கிடையே, 1847-இல் வியன்னா நகரத்து ஸெம்மல்வைஸ் என்பாரும் மருத்துவர் கைகழுவுதலால் அந்நோய் குறைதலைக் கண்டனர். பிற்காலத்து ஆராய்ச்சி இருவர் கூற்றையும் மெய்ப்பித்தது.

1847 முதல் 1882 வரை ஹார்வர்டில் உடற்கூற்று நூல் கற்பித்து, கவிதையும் கட்டுரையும் இடையறாது எழுதி, 1894-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் இவர் காலமானார். இவர் பெயரையே தாங்கிய மைந்தர் 1902 முதல் முப்பதாண்டு அந்நாட்டுத் தலைமை நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கினர்.

அன்பர்களே! கப்பலைக் காத்த பாட்டிற்கு அன்றே புகழ் கிடைத்தது. தாயரைக் காத்த உரைக்கோ முதலில் வசையே கிடைத்தது. எனினும் அவ்வுரையாலன்றோ அப்பெயர் இன்றும் நன்றியுடன் நினைக்கப்படுகின்றது! நம் மக்கட்கு நாம் விட்டுச்செல்வது பெயர் மட்டுமே. அதனை உயர்த்துவது அவர்தம் செயலாம்.