யார் இந்த டு பாய்ஸ்? ஏழாவது வார்டில் கதவு தட்டியவரின் கதை

ஒரு ஏரியாவில் திருட்டு அதிகம், நோய் அதிகம்னா முதலில் அங்க குடியிருக்கிற மக்களைத்தான் குறை சொல்வாங்க. 1896-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் அதுதான் நடந்தது. ஏழாவது வார்டில் கருப்பின மக்கள் அதிகம். நகரத்தின் சீர்கேட்டுக்கு அவர்களே காரணம் என்ற முடிவு ஏற்கெனவே தயார். ஆய்வு மட்டும்தான் பாக்கி. அந்த வேலைக்கு வந்தவர் 28 வயது டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ்.

1868-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டனில் பிறந்தவர். ஃபிஸ்க், ஹார்வர்டு, பெர்லின் எனப் படித்து, 1895-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கருப்பின அமெரிக்கர் ஆனார். இவ்வளவு படித்தும் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை வகுப்பெடுக்க விடவில்லை. உதவியாளர்னு ஒரு பெயர், அவ்வளவுதான்.

வீடு வீடாக ஆய்வு

புது மனைவி நீனாவுடன் அந்த வார்டிலேயே குடியேறினார். சுமார் 2,500 வீடுகளின் கதவைத் தட்டினார். என்ன வேலை, எவ்வளவு வாடகை, எந்த ஊர் எனக் கேட்டுக் கேட்டு எழுதினார். நம்மை எதுக்கு ஆராய்ச்சி பண்றாங்கன்னு அந்த மக்களுக்கே அவர் மேல் சந்தேகம்!

1899-ல் ஆய்வு புத்தகமாக வந்தது. குற்றமும் வறுமையும் ரத்தத்தில் வருவதில்லை. அடிமைமுறை விட்டுச் சென்ற வடு, திறமை இருந்தும் கிடைக்காத வேலை, மோசமான வீட்டுக்கும் கூடுதல் வாடகை, இவைதான் காரணம் என்று கணக்கோடு காட்டினார். இனம் என்பது உடம்பில் இருப்பதைவிட, சமூகம் போடும் கோட்டில்தான் இருக்கிறது என்று இன்று பாடப்புத்தகங்கள் சொல்வதற்கு இது ஓர் ஆரம்பம்.

கணக்கு மட்டும் போதுமா?

அதே 1899-ல், அட்லாண்டாவில் பேராசிரியராக இருந்தபோது, சாம் ஹோஸ் என்ற கருப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. நிதானமாக ஒரு கடிதம் எழுதி, பத்திரிகை அலுவலகத்துக்குக் கிளம்பினார் டு பாய்ஸ். சாம் ஹோஸின் விரல் முட்டிகள் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன என்ற செய்தி வழியிலேயே வந்தது. அப்படியே திரும்பி நடந்தார். அடுத்த மாதம், 2 வயதுகூட ஆகாத மகன் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தான். அவனை ஜார்ஜியா மண்ணில் புதைக்க மனமின்றி, சொந்த ஊருக்கே கொண்டு போனார்.

1903-ல் வந்த அவரது கட்டுரைத் தொகுப்பு, இரட்டை உணர்வு என்ற கருத்தைப் பிரபலமாக்கியது. தன்னைத் தன் கண்ணால் பார்ப்பதோடு, தன்னை இளக்காரமாக நினைப்பவரின் கண்ணாலும் பார்த்துக்கொண்டே வாழும் நிலை அது.

1910-ல் 'தி கிரைசிஸ்' இதழைத் தொடங்கினார். 1919 வாக்கில் மாதம் சுமார் 1 லட்சம் பிரதிகள் விற்றன. 1946-ல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். கருப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்டார். டு பாய்ஸும் பதில் போட்டார்.

1951-ல், 83 வயதில், அந்நிய நாட்டு ஏஜென்ட் என வழக்கு. விடுதலையானார். ஆனால் பாஸ்போர்ட் கைக்கு வர 1958 ஆனது. 1961-ல் கானாவுக்குப் போனார்.

1963 ஆகஸ்ட் 27-ல் அக்ராவில், 95 வயதில் இறந்தார். மறுநாள் வாஷிங்டனில் சம உரிமை கேட்டு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே மேடையில்தான் அவரது மரணச் செய்தி அறிவிக்கப்பட்டது.